எருவுக்குக் காசு

நெதர்லாந்தில் ஆஸ்பத்திரியில் படுக்கப் போனால், ரத்த அழுத்தம் பார்க்கும் முன்பே இரண்டு கேள்விகள் வரும். சமீபத்தில் வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கினீர்களா? பன்றி, கன்று, கறிக்கோழிப் பண்ணையில் வேலை செய்கிறீர்களா? விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு புதுக்கோட்டையில் நாலு நாள் படுத்திருந்ததால் முதல் கேள்விக்கு ஆமாம் என்றேன். உடனே தனியறை. மருந்துக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி என் மூக்கில் இருக்கிறதா என்று முடிவு வரும்வரை, உள்ளே வந்த ஒவ்வொருவரும் மேலங்கி, கையுறையோடுதான் வந்தார்கள்.

எங்களூர் ஆஸ்பத்திரியையும் இந்த ஊர்ப் பன்றிக் கொட்டிலையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறார்களே என்று சுருக்கென்றிருந்தது. யோசித்தால் நியாயம்தான். இரண்டு இடத்திலும் ஆன்டிபயாட்டிக் தாராளமாகப் புழங்கியிருக்கிறது. நான் இருக்கும் வடக்கு பிரபாண்ட் மாகாணத்தில் மனிதரைவிடப் பன்றிகள் அதிகம். சாலையில் போனால் ஒன்றுகூடக் கண்ணில் படாது. எல்லாம் நீண்ட கொட்டகைகளுக்குள். நெருக்கி அடைத்தால் நோய் வரும், நோய்க்கு மருந்து, மருந்துக்குப் பழகிய கிருமி. 2004 வாக்கில் அந்தக் கிருமி பன்றிப் பண்ணைக் குடும்பங்களிடமே கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அரசு விழித்துக்கொண்டு, 2009-ஐ ஒட்டித் தொடங்கிய கெடுபிடியில் கால்நடைக்கான ஆன்டிபயாட்டிக் விற்பனையைப் பத்தே ஆண்டில் பாதிக்கும் கீழே இறக்கியது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் என்னை உலுக்கியது ஆட்டின் கதை. 2007 முதல் 2010 வரை இதே மாகாணத்தில் க்யூ காய்ச்சல் பரவியது. நூற்றுக்கணக்கில் ஆடு கட்டிய பால் பண்ணைகளில் சினை ஆடுகள் குட்டி வீசின. அதிலிருந்து கிளம்பிய கிருமி காற்றோடு ஊருக்குள் போனது. ஆட்டைத் தொட்டே இராதவர்களுக்கு நுரையீரல் அழற்சி. பதிவானவர்கள் மட்டும் 4,000க்கு மேல். 90க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்தப் பண்ணையில் நோய் என்பதை அக்கம்பக்கத்தாருக்கு 2009 கடைசி வரை சொல்லவில்லை. சொன்ன கையோடு 50,000க்கும் மேற்பட்ட ஆடுகளைக் கொன்றார்கள். சினை என்பதால் நோயில்லாததும் சேர்ந்து போனது.

ஆட்டு வாடையில் வளர்ந்தவன் நான். அறந்தாங்கிப் பக்கம் அறுப்பு முடிந்தால் ராமநாதபுரத்துக் கீதாரிகள் செம்மறி மந்தையோடு வருவார்கள். எங்கள் வயலில் ராத்திரிக் கிடை போட அப்பத்தா பேரம் பேசி நெல் அளந்து கொடுப்பாள். “ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்” என்று கணக்கும் சொல்வாள். புழுக்கைக்கு நாங்கள் காசு கொடுத்தோம். இங்கே பண்ணைக்காரர் சாணத்தை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லிக் காசு கொடுக்கிறார். தீவனம் பிரேசில் சோயாவாகக் கப்பலில் வந்து இறங்குகிறது, சாணம் மட்டும் இங்கேயே தங்கிவிடுகிறது. அதிலிருந்து வரும் நைட்ரஜன் பின்னால் குறையும் என்று நம்பி முன்கூட்டியே அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2019 மே மாதம் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அக்டோபரில் விவசாயிகளின் டிராக்டர்கள் ஹேக் நகரை அடைத்துக்கொண்டு நின்றன. கடன் வாங்கிப் பெருக்கச் சொன்னதும் நீங்கள்தானே என்ற அவர்கள் கோபத்தில் எனக்குத் தவறு தெரியவில்லை.

கிடையைக் கொண்டாடவும் மாட்டேன். முன்பணம் கொடுத்துச் சிறுவர்களைக் கொத்தடிமையாக ஆடு மேய்க்க வைத்ததும், அதிகாரிகள் மீட்டதும் நம் செய்தித்தாள்களில் வந்தவைதான். இப்போது மந்தைக்கு மேயவும் இடமில்லை. புதுக்கோட்டையின் மேய்ச்சல் தரையில் காகித ஆலைக்கான தைலமரம் நிற்கிறது. மரத்துக்கு நடுவே வெட்டிய வரப்புகள் மழைத் தண்ணீரைக் கண்மாய்க்கு விடுவதில்லை என்று விவசாயிகள் புலம்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

அத்தை மகன் ஒருவன் கறிக்கோழிக் கொட்டகை போட்டிருக்கிறான். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. ஆறு வாரத்தில் கோழியும் அவர்களுடையது. கொட்டகை, கரண்டு பில், கடன், செத்த கோழி இவனுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. மனிதருக்குக் கடைசி ஆயுதமான கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கோழி உட்பட உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்கென்று தயாரிக்கவும் விற்கவும் இந்தியா 2019 ஜூலையில் தடை போட்டது. தண்ணீரில் என்ன மருந்து கலக்கிறாய் என்று போனில் கேட்டேன்.

“பாக்கெட்ல இங்கிலீஷ்ல போட்டிருக்கு மாப்ள. சூப்பர்வைசர் கலக்கச் சொல்வாரு, கலக்குவேன்.”

படம் எடுத்து அனுப்பு மச்சான் என்றேன். அனுப்பினான்; அந்தப் பாக்கெட்டில் வைட்டமின்தான். அடுத்ததையும் அனுப்பச் சொன்னேன்.

“அது எதுக்கு? நீ வேண்டாம்னு சொன்னா நான் கலக்காம இருக்க முடியுமா? அடுத்த தவணைக்குக் குஞ்சு இறக்க மாட்டானே.”