பதுமன் யார்கிட்டயும் சொல்லமாட்டான்

ரெண்டு லூடோ பகடையும் ஒரு பென்சிலும், பாம்பு கடித்த ஒரு சிறுவனைப் பற்றி, ஒரு டாக்டரான என்னால் கண்டுபிடிக்க முடியாததைக் கண்டுபிடித்துக் கொடுத்தன.

கொஞ்சம் நீளமான திரெட். பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் கண்டிப்பாகப் படியுங்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மழைக்காலம். இரவு எட்டரை மணி இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து 12 வயதுப் பையனைக் கொண்டு வந்தார்கள்.

வலது கால் முழங்கால் வரை வீக்கம். ரெண்டு தடவை வாந்தி. ஈறில் லேசாக ரத்தம்.

"என்ன ஆச்சு தம்பி?"

"முள்ளு குத்திட்டு சார்."

"பாம்பு கீம்பு எதையும் பாத்தியா?"

பக்கத்தில் நின்ற அப்பாவை ஒரு தடவை பார்த்தான். "இல்ல சார்."

காலில் தெளிவான பல்தடமும் இல்லை. வீக்கத்தில் எதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் எங்களுக்குக் கைகொடுப்பது ஒரு சாதாரண கண்ணாடிக் குழாய். 2 மில்லி ரத்தத்தை எடுத்து, சுத்தமான உலர்ந்த குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைக்கணும். பிறகு சாய்த்துப் பார்க்கணும். நல்ல ரத்தம் என்றால் உறைந்து கட்டியாக நிற்கும். விரியன் விஷம் ஏறியிருந்தால் தண்ணீர் போல ஓடும்.

ஓடியது.

முள்ளு குத்தினால் ரத்தம் இப்படி ஆகாது. 10 வயல் விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினோம். (சின்னப் பிள்ளைதானே, மருந்தைக் குறைக்கலாமே என்று பலர் கேட்பார்கள். கூடாது. பாம்பு ஆள் பார்த்து விஷத்தை அளந்து விடுவதில்லை. பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரே அளவுதான்.)

6 மணி நேரம் கழித்துத் திரும்பவும் குழாய் சோதனை. உறைந்தது. அப்போதுதான் நான் ஒரு டீ குடித்தேன்.

அவனோட ஆச்சியைப் பற்றிச் சொல்லியாகணும். ஈறில் ரத்தத்தைப் பார்த்ததும் பேரன் நெற்றியில் சங்கரன்கோவில் புத்துமண்ணைப் பூசிவிட்டார். பூசின கையோடு 108-ஐயும் கூப்பிடச் சொல்லிவிட்டார். புத்துமண்ணுக்காகவே ஊர் ஊராக ஆட்கள் வந்து போகிற ஊரில் வேலை பார்க்கிறவன் நான். சாமி கும்பிடுகிறவனும்தான். ஆச்சி செய்ததுதான் சரி. நெற்றிக்கு மண், காலுக்கு ஆஸ்பத்திரி.

பையன் பிழைத்துவிட்டான். ஆனால் வேறொரு பிரச்சனை.

இரவில் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்கமாட்டேன் என்றான். கட்டிலுக்கு அடியில் என்னமோ இருக்கு என்று பயம். சிறுநீரைக்கூட அடக்கிக்கொண்டான். விரியன் கடியில் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று நாங்கள் அளந்துகொண்டிருந்த நேரம் அது. "நீங்களே பேசிப் பாருங்க சார்" என்று சிஸ்டர் சொன்னார்.

பேசிப் பார்த்தேன். அட்வைஸ் எதுவும் எடுபடவில்லை. அப்போதுதான் என் பள்ளிக்காலப் புத்தகம் ஒன்று ஞாபகம் வந்தது.

திருநெல்வேலி ஜங்ஷனில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்'. 1982-ல் வந்தது. எழுதினவர்கள் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் என்ற ரெண்டு இங்கிலாந்துக்காரர்கள். ஃபைட்டிங் ஃபேன்டஸி வரிசையின் முதல் புத்தகம்.

அதை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வரிசையாகப் படிக்க முடியாது. 400 பத்திகள், எல்லாவற்றுக்கும் எண். குகைக்குள் போகிறீர்கள், பாதை பிரிகிறது, மேற்கே போனால் இந்த எண், கிழக்கே போனால் அந்த எண். கதாநாயகன் நீங்கள்தான். உங்களுக்கு மூன்று கணக்குகள் உண்டு: திறமை, உடல்பலம், அதிர்ஷ்டம். பகடை உருட்டி அவற்றைக் குறித்துக்கொள்ளணும். கையில் பென்சில் இல்லாமல் கதை நகராது.

தனியாக ஆடுகிற இந்தப் புத்தகத்தை நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டாகவும் பின்னாளில் மாற்றினார்கள். 1984-ல் ஒரு அறிமுகப் புத்தகம். 1989-ல் 'அட்வான்ஸ்டு ஃபைட்டிங் ஃபேன்டஸி'. அதை எழுதியவர்கள் மார்க் காஸ்காய்ன், பீட் டாம்லின். அதில் கதையை நடத்துகிறவருக்குப் பெயரே டைரக்டர். ஆடுகிறவர்கள் ஹீரோக்கள். நம்ம ஊர்க்காரனுக்கு விளக்கமே தேவையில்லை.

புத்தகத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புத்தகத்தில் அவர்கள் எழுதி வைத்த ரெண்டு மூன்று வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கலாம். மேஜையில் டைரக்டர் நிலைமையை மட்டும் சொல்லுவார். என்ன செய்வது என்பதை ஹீரோ தன் வாயால் சொல்லணும். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

நாலாவது நாள் டியூட்டி முடிந்ததும் ரெண்டு பகடை வாங்கிக்கொண்டு போய் அவன் கட்டிலில் உட்கார்ந்தேன். கேஸ் ஷீட் மாதிரி ஒரு தாள்.

"ஹீரோவுக்குப் பேர் வை."

கொஞ்சம் யோசித்து, "பதுமன்" என்றான்.

எங்கள் கோயில் கதையில் வருகிற நாகராஜாக்கள் சங்கனும் பதுமனும். சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று சண்டை போட்டவர்கள். பாம்புக்குப் பயப்படுகிற பையன் வைத்த பெயர் அது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பகடை உருட்டினான். திறமை 10. உடல்பலம் 19. அதிர்ஷ்டம் 9.

"அதிர்ஷ்டத்தைப் பாத்துச் செலவு பண்ணணும்லே. ஆபத்துல ரெண்டு பகடையையும் உருட்டு. 9 இல்ல அதுக்குக் கம்மியா விழுந்தா தப்பிச்ச. ஆனா ஒவ்வொரு தடவை உருட்டும்போதும் அதிர்ஷ்டத்துல ஒண்ணு குறைஞ்சிரும். ஜெயிச்சாலும் குறையும், தோத்தாலும் குறையும்."

அப்பா கட்டில் கால்மாட்டில் ஸ்டூலில் இருந்தார். செல்போனைப் பார்க்கிற மாதிரி இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜா போகக்கூடாது என்று சொன்ன குகைக்குள் பதுமன் போகிறான். ஒரு பூதத்தை அடித்தான். இடிந்த பாலத்தில் அதிர்ஷ்டத்தால் தப்பித்தான், 9 எட்டானது. பையன் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

அடுத்து நான் வேண்டுமென்றேதான் கொண்டு வந்தேன். "கல்லுக்கு அடியில ஒரு பாம்பு. பதுமன் கால்ல கடிச்சிட்டு. இப்ப என்ன செய்வான்?"

ஓடாமல் உட்காருவான், வைத்தியரைத் தேடுவான் என்று ஏதாவது சொல்லுவான். அப்படியே முதலுதவியைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

பகடையைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தான்.

"பதுமன் யார்கிட்டயும் சொல்லமாட்டான் சார்."

"ஏம்லே?"

"குகைக்குப் போகக்கூடாதுன்னு ராஜா சொல்லிருக்காருல்லா. சொன்னா அடிப்பாரு. முள்ளு குத்திட்டுன்னு சொல்லிருவான்."

செல்போனைப் பிடித்திருந்த அப்பா கை அப்படியே நின்றுவிட்டது.

நான் மெதுவாகக் கேட்டேன். "பதுமன் பாம்பைப் பாத்தானா?"

"பாத்தான். கிணத்துக்குக் குளிக்கப் போயிட்டு வரும்போது வரப்புல கெடந்துச்சு."

அதற்குமேல் கதையில் குகை இல்லை.

கிணற்றுக்குப் போகக்கூடாது என்பது வீட்டு உத்தரவு. நீச்சல் சரியாகத் தெரியாத பிள்ளை. அப்பா கண்டித்ததில் தப்பே இல்லை. அந்தக் கண்டிப்புக்குப் பயந்து அவன் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் விஷத்தோடு வாய் திறக்காமல் இருந்திருக்கிறான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவை நினைத்து இல்லை, என்னை நினைத்து.

அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே "பாம்பைப் பாத்தியா" என்று கேட்டவன் நான். ஆமாம், இல்லை என்று ரெண்டே வழியைக் கொடுத்தவனும் நான். அந்தப் பழைய புத்தகம் மாதிரி. அவன் சொல்ல நினைத்த பதிலுக்கு என்னிடம் பத்தி எண்ணே இல்லை. குழாய் சொன்னது, அதனால் பிழைத்தான். இப்போது பிள்ளைகள் வந்தால், ஒரு நிமிடம் பெற்றோரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "என்ன நடந்துச்சு, நீயே சொல்லு" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

அதிர்ஷ்டக் கணக்கைப் பாருங்கள். அதிர்ஷ்டம் 9 என்றால் ரெண்டு பகடையில் தப்பிக்க வாய்ப்பு 36-க்கு 30. ஏழானால் 21. ஐந்தானால் வெறும் 10. பாம்புக்கடியில் வீணாகிற ஒவ்வொரு மணி நேரமும் இப்படித்தான் நம் கையிலிருந்து போகிறது. 2000 முதல் 2019 வரையான இறப்புகளை வைத்துச் செய்த ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறப்பதாகச் சொல்கிறது.

அதனால்:

கடித்த இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள்.

கொலுசு, மோதிரம், கயிறு இருந்தால் கழற்றுங்கள். வீங்கும்.

நடக்க விடாதீர்கள். எலும்பு முறிந்த காலுக்குக் கட்டை வைப்பது போல ஆடாமல் வைத்துத் தூக்கி வாருங்கள். 108 உடனே.

பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். எங்களுக்குப் பாம்பு தேவையில்லை, ஆள்தான் தேவை.

மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. "எங்க போன, எதுக்குப் போன, எது நடந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லு. அன்னிக்கு அடிக்கமாட்டேன்" என்று இன்றைக்கு ராத்திரியே உங்கள் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

ரெண்டு வாரம் கழித்து ரிவ்யூவுக்கு வந்தார்கள். கால் நன்றாக இருந்தது. கையில் ஒரு நோட்டு. தங்கச்சிக்கு அவன்தான் டைரக்டராம்.

அவன் வெளியே போனதும் அப்பா சொன்னார். "மறுபடியும் கிணத்துக்குப் போயிட்டான் சார். அவனே வந்து சொல்லுதான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன் சார். ஞாயித்துக்கிழமை நானே நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கேன்."



ஒரு அரசு மருத்துவர்,
சங்கரன்கோவில்