முயல் பிடித்த மூலை

முயல் குட்டிக்குக் கழிப்பிடம் பழக்குவதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். இடத்தைப் பார்த்துப் பிடிப்பது என்னவோ அதுதான். போடியில் எங்கள் வீட்டுக் குட்டி பிடித்தது பூஜை அலமாரிக்கு நேர் கீழே உள்ள மூலையை. அம்மா அதன் கழிப்புத் தட்டைப் பின்கட்டுக்குத் தள்ளிப் பார்த்தாள், மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள், சாமிகுத்தம் என்று மிரட்டியும் பார்த்தாள். குட்டி அசையவில்லை. கடைசியில் இடம் மாறியது சாமிதான். முருகன் இப்போது கூடத்து மாடத்தில் இருக்கிறார்.

இந்த விஷயத்தில் முயலோடு மல்லுக்கு நிற்க முடியாது. அதட்டினால் பயம் வருமே தவிர புத்தி வராது. முதலில் வீடு முழுக்க அலையவிடாமல் சின்ன இடமாக அடைத்துக் கொடுக்க வேண்டும். எந்த மூலைக்குப் போகிறதோ அங்கேயே தட்டை வைத்துச் செய்தித்தாள் விரித்து, நாலு புழுக்கையையும் ஈரம் பட்ட காகிதத் துண்டு ஒன்றையும் அதிலேயே விட்டுவைக்க வேண்டும். மற்ற இடங்களை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தால் வாடை போய்விடும். தட்டின் ஓரத்தில் காய்ந்த புல் கட்டாயம் வேண்டும். தின்றுகொண்டே போவது முயலின் சுபாவம். நாம் முகம் சுளிக்கிற இந்தப் பழக்கம்தான் அதைத் தட்டுக்கு இழுத்து வருகிறது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். போடியில் இலவம்பஞ்சுக்குப் பஞ்சமில்லை. தட்டில் அதை நிரப்பச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். முயல் எதையும் கடிக்கும், ஆனால் அதற்கு வாந்தி எடுக்க வராது. விழுங்கிய பஞ்சு குடலை அடைத்தால் கதை முடிந்தது. பூனைக்கென்று கடையில் விற்கிற, ஈரம் பட்டால் கட்டியாகும் மண்ணும் அதே ரகம். நாலு மாதத்தில் வயசுக்கு வந்ததும் குட்டி பழகியதை மறந்து வீடெங்கும் எல்லை போட ஆரம்பிக்கும். கருத்தடை அறுவை செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதுசரி, ஏன் இந்த மூலைப் பிடிவாதம்? தேடப்போய் எனக்கு லாக்லி என்பவர் கிடைத்தார். வேல்ஸ் நாட்டுக்காரர். 1927-இல் ஸ்கோக்ஹோம் என்ற ஆளில்லாத் தீவைக் குத்தகைக்கு எடுத்தார். சின்சில்லா முயல் வளர்த்துத் தோல் விற்றுப் பிழைப்பது திட்டம். தீவிலோ எங்கு பார்த்தாலும் காட்டு முயல். அவற்றை ஒழித்துவிட்டுத்தான் பண்ணை போட வேண்டும், ஒழிக்க முடியவில்லை. வியாபாரம் படுத்தது. மனிதர் கடல் பறவைகளைப் பார்த்து எழுதிப் பிழைக்கத் தொடங்கினார். தன்னைத் தோற்கடித்த பிராணியின் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை, ஆவல்தான் வந்தது. பின்னாளில் ஓரியல்டன் என்ற இடத்தில் முயல் வளைக்குக் கண்ணாடி வைத்து, அதன் முன்னே உட்கார்ந்து பார்த்தார். 1964-இல் 'தி பிரைவேட் லைஃப் ஆஃப் தி ராபிட்' வெளிவந்தது. கடனாளியாக்கப் பார்த்த பிராணிக்கு இப்படி ஒரு மரியாதை செய்தவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர் நம்பிய சின்சில்லாவின் சோவியத் உறவுக்காரர்கள், கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

காட்டு முயல் கூட்டம் வளைக்கு வெளியே, மேடான இடமாகப் பார்த்துப் பொதுக் கழிப்பிடம் வைத்துக்கொள்ளும். அதுதான் அவர்களுடைய எல்லைக்கல். கூட்டத்துப் பெரிய கடுவன் அடிக்கடி வந்து தன் வாடையைப் பதித்துவிட்டுப் போகும். எங்கள் குட்டிக்குப் பூஜை மூலை அப்படி ஓர் எல்லை. இதெல்லாம் சீமை முயலின் குணம். ஏலமலைக் காட்டில் ஓடுகிற நம் முயல் வேறு சாதி. அது வளை தோண்டாது; அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வள்ளுவர் யானைக்கு எதிரே நிறுத்திய முயல் அதுதான். அதைப் பிடித்து வந்து வளர்த்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வீட்டுக்கு வரும்.

இன்னொன்றை அம்மாவிடம் சொல்லவில்லை. உருண்டைப் புழுக்கை போக, மெத்தென்ற இன்னொரு வகையும் முயலுக்கு உண்டு. அது தட்டில் விழாது. முயல் குனிந்து நேராக வாயிலேயே வாங்கி விழுங்கிவிடும். முதல் முறை உடம்பில் சேராத சத்து இரண்டாம் முறை சேர்கிறது. மோரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் 1882-இலேயே இதை எழுதிவைத்தார். மாடத்திலிருந்து முருகன் இதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

சித்தி ஒருநாள் வந்து தட்டைப் பார்த்தாள். "ஏப்பா, இதுக்கு ஒரு தட்டு, தெனமும் பேப்பரு, திங்கப் புல்லு வேறயா? குடுத்து வச்ச முயலு" என்று சிரித்தாள்.

சித்தி பல வருஷம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போனவள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு தாண்டிப் போடிமெட்டு, அதற்கும் அப்பால் பூப்பாறைப் பக்கம். தூக்குச்சட்டியில் சோறு, ஒரு பாட்டில் தண்ணீர். சாயங்காலம் சட்டி காலியாக வரும். பாட்டில் முக்கால்வாசி அப்படியே வரும். காரணத்தை அவள் சொன்னதில்லை. அம்மாதான் சொன்னாள்: குடித்தால் ஒதுங்க வேண்டுமே. ஏலச்செடி ஆளை மறைக்கிற உயரம், ஒதுங்க இடத்துக்கா குறைச்சல் என்று ஆண்கள் சொல்வார்கள். அட்டையும் பாம்பும் போகட்டும், அடுத்த வரிசையில் கங்காணி நிற்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஏலச்சரம் செடியின் அடியில் தரையை ஒட்டி வருவது. குனிந்தும் குந்தியும்தான் காய் எடுக்க வேண்டும். நாள் முழுக்கக் குந்துகிற வேலை, குந்த மட்டும் இடமில்லை.

அப்போதும் சட்டம் இல்லாமலில்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, வேலை செய்கிறவர்கள் எளிதில் போகக்கூடிய இடத்தில் கழிப்பிடம் வேண்டும் என்றது. பின்னர் வந்த திருத்தத்தில் ஏலத்தோட்டமும் பெயரோடு சேர்ந்தது, 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் இருந்தால் என்ற கணக்கோடு. மலையில் அதற்கும் சிறிய தோட்டங்கள் ஏராளம். பெரிய தோட்டத்தில் கழிப்பறை கட்டினாலும் காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில்தான் கட்டுவார்கள். காய் எடுப்பதோ தூரத்துச் சரிவில். போய்வரும் நேரத்துக்குக் கூலியை யார் தருவது? 2019 ஆகஸ்டில் புத்தடியில் நடந்த ஏலக்காய் ஏலத்தில் ஒரு கிலோ காய் 7,000 ரூபாய் வரை போனது. அந்த வருஷமும் பாட்டில் அப்படித்தான் திரும்பியது.

தட்டுதான் முயலிடம் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சிறுபிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. தோட்டக்காரர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை. நாலு கம்பு, ஒரு தார்ப்பாய், ஒரு குழி, ஒரு வாளி தண்ணீர். காய் எடுப்பு நகர நகர இதையும் கூடவே நகர்த்துங்கள். சின்னத் தோட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்றாக வைக்கலாம். ஆகிற செலவு சில கிலோ காய். அடுத்த எடுப்புக்கு முன்னால் செய்துவிடுங்கள்.