துணியின் மறுபக்கம்

ஆடை அலங்கார அணிவகுப்பு என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? ஒளி வெள்ளம், நடை பயிலும் நங்கையர், முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும் பிரமுகர்கள்... எனக்கோ ஒட்டுநாடாவும் பெட்ரோல் வாடையும்தான் நினைவுக்கு வருகின்றன. கடந்த பருவ விடுமுறையில், கோலாலம்பூரில் ஒரு வெளிநாட்டு ஆடம்பர ஆடை நிறுவனத்தின் அணிவகுப்பில் நான்கு நாள் பகுதி நேர வேலை செய்தேன். இடம் ஐந்து நட்சத்திர விடுதி என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கட்டடம் ஒன்றின் ஏழாம் மாடிக் கார் நிறுத்துமிடம்!

இப்படி விந்தையான இடங்களைத் தேடிப் போவது இத்துறைக்குப் புதிதன்று. 2007இல் ஃபென்டி நிறுவனம் சீனப் பெருஞ்சுவரின் மேல் 88 அழகிகளை நடக்கவிட்டது. 2016இல் ரோமின் திரேவி நீரூற்றில், தண்ணீரின் மேலேயே நடப்பதுபோல் தோன்றும்படி கண்ணாடி போன்ற மேடை அமைத்தது. அதே ஆண்டு ஹவானாவின் நடைபாதையில் அணிவகுப்பு நடத்திய சனேல், 2023 டிசம்பரில் மான்செஸ்டரில் ஒரு தெருவுக்கே கூரை போட்டது. படத்தில் பார்த்தால் வாய் பிளப்போம். ஆனால், பெருஞ்சுவரில் மின்சாரம் ஏது? கழிப்பறை ஏது? ஒன்றுமே இல்லாத இடத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்து, கால் மணி நேரம்கூட நீடிக்காத நிகழ்ச்சி முடிந்ததும் சுவடு தெரியாமல் அள்ளிக்கொண்டு போக ஆள் வேண்டுமல்லவா?

அந்த ஆள்களில் ஒருத்தியாகத்தான் போனேன். எல்லாருக்கும் கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. (தமிழ்நாட்டில் கறுப்புச் சட்டைக்கு வேறு பொருள் உண்டு. இங்கே இருட்டில் கண்ணுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.)

கார் நிறுத்துமிடத்தின் தரை பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கும். உண்மையில் தண்ணீர் வடிவதற்காகச் சற்றுச் சரித்துக் கட்டியிருப்பார்கள். உயர்ந்த குதிகால் காலணியோடு நடப்பவரை இடறிவிட அந்தச் சரிவே போதும். ஆகவே ஒட்டுப்பலகைகளைப் பரப்பி, அடியில் மரச்சில்லுகளைச் செருகி, மட்டம் பார்த்துப் பார்த்து நடைமேடை எழுப்பினார்கள். நுழைவாயிலில் 2.1 மீட்டர் உயரத் தடுப்பு. லோரி உள்ளே வராது. விளக்கு, நாற்காலி, கம்பளம், ஆடைப் பெட்டி அனைத்தும் தள்ளுவண்டியில் ஏழு மாடி ஏறின. கூரையில் எதையும் தொங்கவிடக் கட்டட உரிமையாளர் அனுமதிக்கவில்லை. விளக்குச் சட்டங்களைத் தரையிலிருந்தே நிறுத்தி, சாயாமல் இருக்க ஒவ்வொரு காலிலும் எடை வைத்தார்கள்.

கூடாரம் கட்டும் குழுவில் நம்மவர் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மாடியின் பக்கங்கள் திறந்தவெளி என்பதால் மேற்குப் பக்கம் முழுவதும் தார்ப்பாய் கட்ட வேண்டும் என்றார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பொறுப்பாளருக்கு அதில் விருப்பமில்லை. நகரக் காட்சி மறைந்துவிடுமாம். எனக்கு ஆங்கிலமும் தமிழும் தெரியும் என்பதால் நடுவில் நிற்க வேண்டியதாயிற்று. "முப்பது வருசமா கோயிலுக்குப் பந்தல் போடுறேம்மா. மழை எந்தப் பக்கம் சாயும்னு எனக்குத் தெரியாதா? அவர்கிட்ட சொல்லு" என்றார். சொன்னேன். அரை மனத்தோடு, சுருட்டி ஏற்றிவிடக்கூடிய தார்ப்பாய்க்கு ஒப்புக்கொண்டார்கள். நிகழ்ச்சி நாளன்று மாலை ஐந்து மணிக்கு இடியோடு கொட்டியது. மேற்குப் பக்கமிருந்துதான்! அங்கிள் ஒன்றும் பேசவில்லை. தேநீரை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

என் வேலை உடை மாற்ற உதவுவது. ஆளுக்கொரு துணி நிலை. அதன்மேல் ஆடையின் எண்ணும் படமும். கைப்பேசிக் கேமராவின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டார்கள். காலணியின் அடிப்பாகத்தில் நாடா ஒட்ட வேண்டும், தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காக. தலைவழி ஆடையை இறக்குமுன் முகத்தில் மெல்லிய பட்டுத்துணியைப் போர்த்த வேண்டும். இல்லையென்றால் ஒப்பனை துணியில் ஒட்டிவிடும். இரண்டாம் ஆடைக்கு மாற்ற ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக நேரம். அந்த ஒரு நிமிடத்தில் நான் மூச்சு விட்டேனா என்பதே நினைவில்லை.

ஆனால், ஒத்திகைக்கு முன் அந்த ஆடையைப் புரட்டிப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. மேலே ஆயிரக்கணக்கான மணிகள். உள்ளே கைத்தையல். என் அம்மா ரவிக்கை தைப்பவர். ஆரி வேலைப்பாடு செய்து செய்து அவர் விரல் நுனி காய்த்துப் போயிருக்கிறது. தமிழ்ப்பள்ளிச் சீருடையிலிருந்து பல்கலைக்கழகக் கட்டணம் வரை அந்த ஊசியில் வந்ததுதான். ஆகவே கைத்தையலை எங்குப் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். கழுத்தருகே இருந்த பட்டையிலோ நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. தைத்தவர் எந்த ஊரோ, எந்தத் தாயோ!

2023 மார்ச்சில் மும்பையில் டியோர் நிறுவனம் இந்திய நுழைவாயிலின் முன் அணிவகுப்பு நடத்தியது. அதற்குப் பின்னணியாக நின்ற மாபெரும் பூத்தையல் தோரணத்தைச் செய்தது மும்பையின் சாணக்யா கூடத்தினர் என்று உலகத்துக்கே சொன்னார்கள். அந்தக் காணொளியை அம்மா கைப்பேசியில் மூன்று முறை பார்த்தார். தைத்தவரை ஊரறியச் சொன்னார்களே என்பதில் அவருக்கு அப்படியொரு மகிழ்ச்சி. அது அரிதாக நடப்பது என்பது எனக்கு இந்தக் கார் நிறுத்துமிடத்தில்தான் உறைத்தது.

நிகழ்ச்சி முடிந்த இரவே எல்லாவற்றையும் கழற்றினோம். காலை ஆறு மணிக்குத் தரையில் பழைய எண்ணெய்க் கறைகள் மட்டுமே இருந்தன. முதல் கார் வந்து நின்றது. நாளுக்கு 150 ரிங்கிட் வீதம் சம்பளம் கிடைத்தது. "பட்டப்படிப்புப் படிச்சிட்டு நாற்காலி தூக்கப் போனியா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். அவளுக்கு என்ன சொல்ல!

அம்மா கேட்ட கேள்வியே வேறு. எந்த நடிகை வந்தார், ஆடை என்ன விலை, எதையும் கேட்கவில்லை. "உள்பக்கம் எப்படிம்மா இருந்துச்சு? முடிச்சு தெரிஞ்சுதா?" என்றார். தெரியவில்லை என்றேன். ஒவ்வொரு முடிச்சையும் அடுத்த தையலுக்குள் புதைத்திருந்தார்கள். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முதுகு விட்டுப் போயிருக்கும், பாவம்" என்றார்.

அதே குழுவினர் அடுத்த விடுமுறைக்கும் அழைத்திருக்கிறார்கள். இம்முறை ஒரு பழைய கிடங்காம். போகலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "போ, போ. கழுத்து விளிம்பை எப்படி மடிச்சுத் தைச்சிருக்காங்கன்னு மட்டும் நல்லாப் பாத்துட்டு வா" என்றார்.