தங்கிய தெரு

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த மூன்று வருஷங்களில் சமூகம் என்பது எனக்குப் பின்னணியாகத்தான் சொல்லித்தரப்பட்டது. எலிசபெத் காலத்துக்கு இரண்டு பக்கம், விக்டோரியா காலத்துக்கு மூன்று பக்கம். பரீட்சையில் அதை முதல் பத்தியில் இறக்கிவைத்துவிட்டால் பிறகு நிம்மதியாகப் படைப்புக்குள் போகலாம். விமர்சனம் எழுதத் தொடங்கியபோதும் இந்தப் பழக்கம் கூடவே வந்தது. வடிவம், மொழி, பிரக்ஞை என்று எழுதினேன். கதைமாந்தர் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்பது நாடகத்தின் பின்திரை மாதிரி; கிழிந்திருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை.

இது கலைந்தது வங்கிக் கவுண்டரில். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். எங்கள் கிளை வாசலில் அதற்குப் பிறகு நின்ற வரிசையில் பெண்கள் ஏராளம். அவர்கள் கொண்டுவந்தது சிறுவாட்டுப் பணம். புருஷனுக்குத் தெரியாமல் அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் கிடந்த நோட்டுகள். ஓர் அம்மாள் நோட்டுகளை நீட்டிவிட்டு, "வீட்டுக்குக் கடுதாசி எதுவும் வராதே தம்பி?" என்று தணிந்த குரலில் கேட்டாள். பின்னால் நின்றவளும் அதையே கேட்டாள். தன் ஒருத்தியின் ரகசியம் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தது வரிசை முழுவதன் ரகசியமாக இருந்தது. சொந்தக் கஷ்டத்துக்கும் பொதுப் பிரச்சினைக்கும் நடுவிலுள்ள தொடர்பைக் காண்பதுதான் சமூகவியல் பார்வை என்று ஸி. ரைட் மில்ஸ் 1959லேயே வாதித்திருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

அடுத்த வருஷம் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சமூகவியலுக்குப் பணம் கட்டினேன். அதை ஒரு வாசற்படியாக மட்டுமே நினைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படி இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, நிஜமான பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்து, வங்கியை விட்டுவிடுவது என் திட்டம். ஞாயிறு வகுப்புகள் மாவட்டத் தலைநகரில், ஒரு கல்லூரியின் மாடி அறையில் நடந்தன. ஒரு போலீஸ் ஏட்டு, இரண்டு பள்ளி ஆசிரியர்கள், அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர், நான். மற்றவர்கள் பதவி உயர்வுக்காக வந்தவர்கள். நான் அறிவுக்காக வந்தவன். அப்படித்தான் என் நினைப்பு. பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. டீ இடைவேளையில் அவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்வேன். டர்க்கைமை ஏட்டுக்கு விளங்கவைத்த அன்று எனக்கு இருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒரு ஞாயிறு ஆந்த்ரே பெத்தேய் வந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் வங்காளி. ஆய்வுக்காக அறுபதுகளின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வந்து தங்கியவர். கிராமத்துக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து அவர் எழுதிய 'காஸ்ட், கிளாஸ் அண்ட் பவர்' 1965இல் வெளிவந்தது. அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி. ஒரு காலத்தில் சாதி உயர்வு, நில உடைமை, அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருந்தன. பிறகு மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியத் தொடங்கின என்பது அவர் வாதம். எனக்கு அது வாதமாகவே படவில்லை. நான் தஞ்சாவூர்க்காரன், நடுத் தெருக்காரன். என் தாத்தா அக்கிரகாரத்துக்குள் நுழையும்போது தோள்துண்டு கக்கத்துக்குப் போய்விடும். சேரிப் பக்கம் திரும்பும்போது மறுபடி தோளில் ஏறிவிடும், குரலும் கூடவே ஏறும். இதை நான் அவருடைய சுபாவம் என்று எண்ணியிருந்தேன். புத்தகத்தில் அது தெருவின் சுபாவமாக இருந்தது.

இதை நான் வகுப்பில் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது நர்ஸ் குறுக்கிட்டார். "அவர் எந்தத் தெருவுல தங்கினார் சார்?"

"அக்கிரகாரத்தில்" என்றார் ஆசிரியர்.

"அப்போ சேரிக்காரங்க அவர்கிட்ட என்ன பேசியிருப்பாங்க?"

ஆசிரியர் பதில் சொல்லப் புத்தகத்தைப் புரட்டினார். பெத்தேய் இதை மறைக்கவில்லை. அக்கிரகாரத்து வீட்டில் தங்கியதால் மற்றவர்களோடு, முக்கியமாகச் சேரியோடு, தன் பழக்கம் குறைந்துபோனதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நர்ஸ் கேட்டுவிட்டு, "சொல்லிட்டாரே, அதுவரைக்கும் நல்ல மனுஷன்" என்றார். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நான் அதுவரை கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஞாபகம் வந்தது தாத்தா அல்ல, 2014இல் ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதிய மதிப்புரை. சேரியிலிருந்து வந்த ஓர் எழுத்தாளரின் முதல் நாவல் பற்றியது. 'இது ஆவணம், இன்னும் கலையாகவில்லை' என்று முடித்திருந்தேன். நண்பர்கள் அந்த வாக்கியத்தைப் பாராட்டினார்கள். அக்கிரகாரத்துச் சமையலறையில் எந்த நாளில் என்ன கறி என்பதைப் பக்கம் பக்கமாகச் சொன்ன நாவல்களை நான் ஒருநாளும் ஆவணம் என்று சொன்னதில்லை. அங்கே அது 'நுட்பமான அவதானிப்பு'. நடுத் தெருவில் பிறந்து, பி.ஏ. ஆங்கிலம் வழியாக வடக்குத் தெருவுக்குக் குடிபோய், அங்கே திண்ணையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். பெத்தேய்க்கு இருந்த நேர்மைகூட எனக்கு இருக்கவில்லை. நான் தங்கிய தெருவை எங்கும் சொல்லவில்லை.

நாவலை மறுபடி வாசித்தேன். அதன் பின்பாதி தளர்ந்திருக்கிறது என்ற அபிப்பிராயத்தை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. அனுதாபத்துக்காக மாற்றிக்கொண்டால் அது இன்னொரு விதமான திண்ணை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை வாபஸ் பெறுகிறேன். ஆசிரியருக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இந்தக் கட்டுரை அதற்குப் பதிலாகாது என்பதும் தெரியும்.

2019இல் ஒரு பல்கலைக்கழகத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். இடம் கிடைத்தது. சம்பளமில்லாத நீண்ட விடுப்புக்கு வழியில்லை, வீட்டுக் கடன் பாதியில் நின்றது, சேரவில்லை. எங்கள் பிழைப்பில் மாறுதல் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், வேறு கிளை. அந்த மாறுதல் மட்டும் ஒழுங்காக வந்தது. இப்போது நகைக்கடன் கவுண்டரில் இருக்கிறேன்.

வாசற்படி என்று நினைத்த இடத்திலேயே நின்றுவிட்டேன் என்று சில நண்பர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல்கலைக்கழகத்தில் இன்னும் நிறையப் புத்தகங்கள் கிடைத்திருக்கும். அந்தக் கேள்வி அந்த மாடி அறையில்தான் கிடைத்தது. இன்றும் ஒரு மதிப்புரையை எழுதி முடித்ததும் அதை என்னிடம் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை இரண்டு மதிப்புரைகளை அனுப்பாமல் வைத்துவிட்டேன்.