முதுகு காட்டி வென்றவர்கள்



போர்க்களத்தில் முதுகு காட்டுவதை இழிவென்று கருதியவர்கள் நம் முன்னோர். ஆயினும், செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்தே வெற்றிக் கரையை எட்டியவர்களும் உலகில் உண்டு. அவர்கள் பயின்ற ஒரு பழைய மரக் கொட்டகைக்கு இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். வாருங்கள்!

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் அமைந்துள்ளது சியாட்டில் நகரம். அது வாஷிங்டன் என்னும் மாநிலத்தைச் சேர்ந்தது. அந்நாட்டின் தலைநகரான வாஷிங்டனோ கிழக்குக் கோடியில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டுவிடாதீர்கள். குளிர்காலத்தில் இந்நகரில் தூறல் ஓய்வது அரிது. நகருக்குக் கிழக்கே விரிந்து கிடக்கிறது வாஷிங்டன் ஏரி. நகரின் நடுவே உள்ளது யூனியன் ஏரி. இவ்விரண்டையும் இணைக்க மனிதர்கள் வெட்டிய குறுகிய கால்வாய் ஒன்றுண்டு. அதன் கரையோரம் நடந்தால், தண்ணீரை நோக்கிய பெருங்கதவுகளோடு ஓங்கி நிற்கும் மரக் கட்டடத்தைக் காண்பீர்கள்.

1918-ல் அமெரிக்கக் கடற்படை, நீரில் இறங்கும் விமானங்களை நிறுத்துவதற்காக எழுப்பிய கொட்டகை அது. முதல் உலகப்போர் ஓய்ந்தபின் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. அங்கேயே அமைந்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் படகுக் குழுவினர் அதைத் தமதாக்கிக்கொண்டனர். அதன் மாடியில்தான், இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஜார்ஜ் போக்காக் என்னும் தச்சர் தம் பட்டறையை நடத்திவந்தார். அந்நிலத்துக் காடுகளில் வளரும் செந்நிறச் சீடர் மரத்தை மெல்லிய பலகைகளாக்கி, ஏறத்தாழ 60 அடி நீளமும் 2 அடி அகலமுமே உடைய பந்தயப் படகுகளை அவர் வடித்தார்.

குறிக்கோளைக் காணாத எண்மர்

அப்படகின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். எண்மர் வரிசையாக அமர்ந்து, ஆளுக்கொரு துடுப்பைப் பற்றி வலிக்கின்றனர். எண்மரும் பின்னோக்கியே அமர்ந்திருப்பதால், படகு செல்லும் இடம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. முன்னோக்கிப் பார்ப்பவர் ஒருவரே. அவர் சுக்கானைப் பிடித்தவாறு குரல் கொடுப்பவர். எண்மரில் ஒருவர் இமைப்பொழுது பிந்தினாலும் படகு தடுமாறும். ஒருவர் மட்டும் தம் வலிமையைக் காட்ட முற்பட்டாலும் படகு தடுமாறும். ஒருவரையொருவர் நம்பாமல் இந்தப் படகு நகராது.

நம்பிக்கை என்னும் அச்சொல்லைத்தான் ஓர் இளைஞரால் ஏற்க இயலவில்லை. அவர் பெயர் ஜோ ரான்ட்ஸ். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். 1929-ல், 15 வயதுச் சிறுவராக இருந்தபோது, தந்தையும் சிற்றன்னையும் மற்றக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு, அவரை ஸ்குவிம் என்னும் சிற்றூரில் தனியே விட்டுச் சென்றுவிட்டனர். கட்டி முடியாத வீடு ஒன்றே துணை. மீன் பிடித்தார், மரம் வெட்டினார், பள்ளிக்கும் சென்றார். இனி எவரையும் சார்ந்திருப்பதில்லை என்று அந்தப் பிஞ்சு உள்ளம் உறுதி பூண்டதில் வியப்பென்ன?

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பின்பும் வறுமை அவரை விடவில்லை. ஒரே கந்தல் கம்பளிச் சட்டையை நாள்தோறும் அணிந்துவந்ததைச் சக மாணவர் எள்ளினர். 1935-ன் கோடை விடுமுறையில், கிராண்ட் கூலி அணை கட்டப்பட்ட இடத்தில், செங்குத்தான பாறையில் கயிற்றில் தொங்கியவாறு கல்லுடைக்கும் இயந்திரத்தை இயக்கிக் கல்விக்குப் பொருள் ஈட்டினார். அங்கே அவருடன் உழைத்த ஜானி வைட், சக் டே இருவரும் அதே படகுக் குழுவினரே. மற்றவர்களும் பால் பண்ணையிலும் ஆலையிலும் மீன்பிடித் தொழிலிலும் உழைத்துக் காய்த்த கைகளை உடையவர்கள். பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிய காலம் அது.

ஜோவின் ஆட்டம் ஒருநாள் சிறந்தும் மறுநாள் தாழ்ந்தும் இருந்தது. பயிற்சியாளர் அல் உல்பிரிக்சன் குழப்பமுற்றார். தச்சர் போக்காக்கே நோயை அறிந்தவர். தன்னந்தனியே துடுப்பு வலிப்பதை விடுத்து, உடனிருப்போரிடம் தன்னை ஒப்படைக்க வேண்டும் என்று அவர் ஜோவுக்கு உணர்த்தினார். 1936 வசந்த காலத்தில் அந்த மாற்றம் நிகழ்ந்தது. படகு பறந்தது!

ஐயாயிரம் டாலர்

அதுவரை அந்நாட்டில் படகுப் பந்தயம் பெரும்பாலும் கிழக்குக் கரைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாகவே எண்ணப்பட்டது. அவர்களையும், முந்தைய இரு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற கலிபோர்னியாவையும் தோற்கடித்து, 1936 ஜூலை 5 அன்று பிரின்ஸ்டனில் தகுதிப் போட்டியை இவர்கள் வென்றனர். மகிழ்ச்சி அடங்குமுன் இடி விழுந்தது. பெர்லின் செல்லும் செலவுக்கு 5,000 டாலர் தாங்களே கொண்டுவர வேண்டும். இயலாவிட்டால் வேறு குழு செல்லும் என்றனர் பொறுப்பாளர்கள்.

ஏழைகள் எங்கே போவார்கள்? சியாட்டிலின் செய்தித்தாள்கள் வேண்டுகோள் விடுத்தன. பெருநகரும் சிற்றூர்களும் தம்மால் இயன்றதைத் தந்தன. சில நாள்களிலேயே தொகை சேர்ந்துவிட்டது! தாமே கஞ்சிக்குத் தவித்தவர்கள் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கைப்பொருளை அவிழ்த்தார்கள் என்பதை மறவாதீர்கள்.

பெர்லின் புறநகரான குரூனாவில் ஆகஸ்ட் 14 அன்று இறுதிப் போட்டி நடந்தது. பார்வையாளர் மேடையில் ஹிட்லர் வீற்றிருந்தார். அன்று அதற்குமுன் நடந்த 6 போட்டிகளில் ஐந்தை ஜெர்மனி வென்றிருந்தது. சுக்கான் பிடித்த பாப் மாக்குக்கு உள்ளத்தில் வேறொரு சுமை. தம் உறவினர்கள் யூதர்கள் என்பதை அண்மையில்தான் தந்தையின் கடிதம் அவருக்குத் தெரிவித்திருந்தது. யூதரின் குடியுரிமையை 1935-லேயே பறித்துவிட்ட நாட்டில் அவர் போட்டியிட வந்திருந்தார்.

காற்று மிகுதியாக மோதும் 6-ஆம் தடமே இவர்களுக்குக் கிடைத்தது. துடுப்பு வலிப்பின் தாளத்தை வகுக்கும் டான் ஹியூம் நோயுற்றிருந்தார். அவரை நீக்கப் பயிற்சியாளர் எண்ணியபோது, அவரின்றி இயலாது என்று குழுவினர் மன்றாடினர். தொடக்கத்தில் படகு பின்தங்கியது. பிறகோ சிறிது சிறிதாக முன்னேறி, 2,000 மீட்டர் தொலைவை 6 நிமிடம் 25.4 விநாடியில் கடந்தது. இத்தாலி 0.6 விநாடி பிந்தியது. ஜெர்மனி 1 விநாடி பிந்தியது. கண்ணிமைக்கும் பொழுதன்றோ!

அந்நட்பு அன்றோடு முடியவில்லை. 50 ஆண்டுகள் கழித்து, 1986-லும் எஞ்சியிருந்த முதியவர்கள் ஒன்றுகூடித் துடுப்பு வலித்தனர். ஜோ 2007-ல் மறைந்தார். அவர்களுள் இறுதியாக ரோஜர் மாரிஸ் 2009-ல் மறைந்தார்.

அந்த வெற்றிப் படகு பல்கலைக்கழகப் படகுக் குழுவின் இன்றைய இல்லத்தில், உணவுக்கூடத்தின் மேற்கூரையிலிருந்து தொங்குகிறது. அதன் நிழலில் மாணவர்கள் நாள்தோறும் உணவருந்துகின்றனர். உங்கள் பயணம் என்றேனும் அங்கே அமைந்தால் தலை நிமிர்ந்து பாருங்கள். கைவிடப்பட்ட சிறுவன் ஒருவன், தான் காணாத கரையை மற்றவர்களை நம்பி அடைந்த மரக்கலம் அது. நம் தெருவிலும் அப்படி ஒரு சிறுவன் தனித்து நிற்கக்கூடும். அவனுக்கு ஒரு துடுப்பும் ஓர் இருக்கையும் தருவது நம் கையில் அல்லவா இருக்கிறது?