அகழியில் மிதக்கும் பூனை இல்லம்

ஒல்லாந்தர் என்றதும் யாழ்ப்பாணத்தவரான எமக்குக் கோட்டையும் அகழியுமே நினைவுக்கு வரும். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அம்மக்களின் தலைநகராகிய அம்ஸ்ரர்டாமும் நீர் சூழ்ந்த நகரமே. பிறை வடிவில் ஒன்றையொன்று வளைந்து செல்லும் அதன் வாய்க்கால்களுள் சிங்கல் என்பது முற்காலத்தில் நகரின் அகழியாக இருந்தது. பகைவரைத் தடுத்த அந்நீரில் இன்று வீடற்ற பூனைகளுக்குப் புகலிடமாகப் படகுவீடொன்று மிதக்கின்றது.

அதன் பெயர் ‘பூஸன்போட்’. பூனைப்படகு என்பது பொருள். ஒல்லாந்தர் பூனையைப் ‘பூஸ்’ என்பர். நம் பழந்தமிழில் பூனைக்குப் ‘பூசை’ என்றொரு பெயருண்டு. தற்செயலான ஒலியொற்றுமைதான், எனினும் கேட்டு மகிழ்ந்தோம்.

1966ஆம் ஆண்டில் ஹென்றியெற் வான் வேல்டே என்னும் மாது, தம் வீட்டெதிரே மரத்தடியில் ஒதுங்கியிருந்த தாய்ப்பூனையையும் குட்டிகளையும் வீட்டினுட் சேர்த்தார். செய்தி பரவியதும் பூனைகள் பெருகின. வீட்டில் இடமில்லாது போயிற்று. நிலம் அரிதான நகரிலே நீர் இருந்ததன்றோ? 1968இல் பழைய படகொன்றை வாங்கினார். அவர் 2005இல் மறைந்தார். மக்கள் வழங்கும் நன்கொடையால் அப்பணி தொடர்கின்றது.

அந்நகரில் நெடுங்காலம் வாழும் உறவுமுறை அக்கா ஒருவருடன் அங்கு சென்றோம். பிள்ளைகள் தொலைவூர்களுக்குப் போய்விட, தனித்திருக்கும் அவர் ஒரு பூனையைத் தத்தெடுக்க விரும்பினார். பராமரிப்பவர் உடனே தூக்கிக் கொடுக்கவில்லை. வீட்டில் யாவர் உளர், பகலில் எவ்வளவு நேரம் பூனை தனித்திருக்கும், வேறு பிராணிகள் உண்டோ என்றெல்லாம் வினவினார். குட்டிகள் காலைச் சுற்றி விளையாடின. அக்காவின் பார்வையோ, தட்டின் மூலையிலே முகம் திருப்பிப் படுத்திருந்த கிழப்பூனை ஒன்றிற் சென்று தங்கியது. அதனை வளர்த்தவர் இறந்துவிட்டாராம்.

“குட்டியளை ஆரும் கொண்டு போவினம், இந்தக் கிழட்டைக் கேக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?” என்றார் அக்கா.

அரைமணி நேரம் அதனருகே பேசாதிருந்தார். பின்னரே அது அவர் விரல்களை முகர்ந்தது.

இனப்பெருக்கத் தடைச் சத்திரசிகிச்சையும் தடுப்பூசியும் முடித்து, தோலினடியில் அரிசிமணியளவான அடையாளச் சில்லைப் பொருத்தியே பூனைகளை வெளியே அனுப்புகின்றனர். பூனை ஏறக்குறைய ஒன்பது வாரத்திற் குட்டி ஈனும். ஓராண்டிற் பன்முறையும் ஈனும். ஆதலால் அச்சிகிச்சையின்றிச் செய்யும் இரக்கம் ஓட்டைக் குடத்து நீரேயாகும். மனிதரை அஞ்சி ஒருவருடனும் போகவியலாத பூனைகள் சில படகிலேயே ஆயுளைக் கழிக்கின்றன.

நம்மூரிலோ, வேண்டாத குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுவருவோர் இன்றும் உளர். யாரேனும் சோறு வைப்பர் என்பது அவர்தம் ஆறுதல். அந்த ‘யாரேனும்’ யார் என்று கேட்பாரில்லை. அம்ஸ்ரர்டாமில் ஒரு பெண்மணி அவ்வினாவுக்குத் தாமே விடையானார். அதற்கு அவர் முதலிற் செய்ததெல்லாம் தம் வீட்டுக் கதவைத் திறந்தது மாத்திரமே. நம் வீடுகளுக்கும் கதவுகள் உண்டு.