சிலம்பக் கூடத்திற் கற்றது

ஒன்பதாம் பிராயத்தில் யான் சிலம்பக் கூடம் புகுந்தது நல்லெண்ணத்தோடன்று. வகுப்பில் என்னை நாடோறும் குட்டிவந்த ஒருவனை அடித்து வீழ்த்தவேண்டுமென்பதே என் உள்ளக்கிடக்கை.

ஆசானோ ஒரு திங்கள்வரை கம்பைத் தொடவிட்டிலர். முன்வைத்தல், பின்வாங்கல், திரும்பல் எனக் காலடியே பயிற்றினார். பின்னரே நெற்றியளவு உயர்ந்த மூங்கிற் கம்பு கைக்கு வந்தது. சிலம்புதல் என்பது ஒலித்தலாம்; சுழலுங் கம்பின் ஒலியே இக்கலைக்குப் பெயராயிற்று என்பாருளர். மணிக்கட்டு இறுகின் அவ்வொலி கெடும். சினந்தவன் மணிக்கட்டோ இறுகியே நிற்கும். இதனை ஆசான் சொல்லவில்லை, கம்பே சொல்லிற்று.

ஒருநாள் என்னினும் இளையானொருவன் தன் கம்பால் என் தோளைத் தொட்டுவிட்டான். தொட்டவனுக்கே வெற்றி. அது பொறாது அவன் விரல்மீது ஓங்கி அடித்தேன், நகம் கறுத்தது. ஆசான் என்னை வைதிலர். அவ்விரல் ஆறுமளவும் அவனுடைய புத்தகப் பையைச் சுமக்கப் பணித்தார். இருபது நாள் சுமந்தேன். வழியில் அவன் அவ்வடியைப்பற்றி ஒருசொல்லும் சொல்லிற்றிலன். அதுவே எனக்குப் பெருஞ்சுமையாயிற்று.

2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிற் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. அதுமுதல் எம் தெருவிற் பெற்றோர் பலர், பதக்கமும் உடலுரமும் கருதித் தம் மக்களைக் கூடத்திற்கு அனுப்புகின்றனர். பிழையன்று, யான் அதனினும் தாழ்ந்த நோக்கத்தோடன்றோ சென்றேன்!

என்னைக் குட்டியவனோ மறு ஆண்டும் கையோங்கி வந்தான். என் கால்கள் தாமே ஓரடி பின்வாங்கின. அவன் கை வெறுங்காற்றிற் சென்றது, இருவரும் நகைத்துவிட்டோம்.